காமன் ரெயில் டீசல் வண்டி: இசியு, சென்சார், கேன் லைன் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறுக் கோடு (ஃபால்ட் கோட்) வந்ததும் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழற்சியை அளப்பது) வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் தீராவிட்டால் "இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். பட்டறையில் வண்டிக்காரரின் பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். அந்தக் கோடு சொல்லும் செய்தி மிகச் சிறியது: இந்தச் சர்க்யூட்டில் எதிர்பார்த்த சிக்னல் வரவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், வயர், எர்த், சப்ளை, இசியுவின் பின் எல்லாம் சேர்ந்தது. இவற்றில் கெட்டது எது என்று மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இசியு எப்போதும் கடைசிச் சந்தேகமாகவே இருக்கட்டும்.

கீழே உள்ளவை பிஎஸ்4, பிஎஸ்6 (புகை மாசு விதி நிலைகள்) காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக பிரஷரில் டீசல் தரும்) வண்டிகளுக்கானவை. 12 வோல்ட் கார், சிறிய லோடு வண்டி, 24 வோல்ட் லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான். வித்தியாசம் உள்ள இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது. பின் எண், வயர் நிறம், துல்லியமான அளவு ஆகியவற்றை அந்த வண்டியின் டயக்ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

டிஜிட்டல் மல்டிமீட்டர், வயர் மாட்டிய 21 வாட் பல்பு ஒன்று (24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பல்பு), கப்ளரின் பின்பக்கமாகச் செருகும் ஊசி, ஸ்கேனர், டயக்ராம் வேண்டும். ஆசிலாஸ்கோப் இருந்தால் பாதி நேரம் மிச்சம். மீட்டரின் தடித்த முனையை இசியு கப்ளரின் பெண் பின்னுக்குள் செருகவே கூடாது. பின் விரிந்துவிடும், பிறகு இல்லாத கோளாறு ஒன்று நிரந்தரமாக வந்து சேரும். பல்பு டெஸ்டரை சப்ளைக்கும் எர்த்துக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். சென்சார் சிக்னல், 5 வோல்ட் லைன், கேன் லைன் (மாட்யூல் எனும் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) பக்கம் அது போகக் கூடாது. சோலனாய்டு இன்ஜெக்டர் வயரில் 50 வோல்டுக்கு மேல் துடிப்பு வரும், பியேசோ இன்ஜெக்டரில் அதைவிட அதிகம். இன்ஜின் ஓடும்போது அங்கே கை வேண்டாம்.

முதல் அளவீடு பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் மேலே போகாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, 24 வோல்ட் வண்டியில் 19.2. லாரியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பாட்டுப் பெட்டிக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி மட்டும் தேய்ந்து, மொத்த வோல்ட் பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் செல்ஃப் அடித்ததும் இசியு ரீசெட் ஆகும்.

இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் 13.8 முதல் 14.6 வோல்ட் வரை, 24 வோல்ட் வண்டியில் 27.5 முதல் 28.8 வரை இருக்கும். அதே இடத்தில் மீட்டரை ஏசி வோல்டுக்கு மாற்றிப் பாருங்கள். 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுது என்று சந்தேகிக்கலாம். காரணமே தெரியாமல் வந்து போகும் சென்சார் கோடுகளுக்கும் கேன் கோடுகளுக்கும் இந்த ஏசி அலை ஒரு மூலம். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை.

பிறகு எல்லா மாட்யூலின் கோடுகளையும், ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலையும் எழுதி வைத்த பிறகே அழியுங்கள். எந்த ஆர்பிஎம்மில், எந்த வெப்பத்தில், எத்தனை வோல்டில் கோளாறு வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

ஸ்கேனர் வண்டியோடு பேசவே மறுக்கிறது

ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை என்றால் கேன் லைனைத் தேட வேண்டாம். ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓபிடி கப்ளரில் 16ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ், 4ஆம் பின் சேசிஸ் எர்த், 5ஆம் பின் சிக்னல் எர்த். பல கார்களில் 16ஆம் பின்னுக்கு வரும் ஃபியூஸும் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸும் ஒன்றே. போன் சார்ஜர் ஷார்ட் ஆகி அந்த ஃபியூஸ் போயிருக்கும்.

விளக்கு எரிகிறது, ஆனால் எந்த மாட்யூலும் பதில் தரவில்லை என்றால் 6ஆம் பின் கேன்-ஹை, 14ஆம் பின் கேன்-லோ இரண்டையும் பாருங்கள். கே-லைன் (ஒற்றை வயர் தொடர்பு) உள்ள பழைய வண்டி என்றால் 7ஆம் பின். ஸ்கேனர் மாட்டிய நிலையில் அதில் பேட்டரி வோல்டுக்கு அருகில் இருக்க வேண்டும். லாரியில் ஜே1939 (லாரிகளுக்கான கேன் முறை) வட்டக் கப்ளர் 9 பின் கொண்டது: ஏ எர்த், பி பேட்டரி, சி கேன்-ஹை, டி கேன்-லோ. கறுப்புக் கப்ளர் 250 கிலோபிட் வேகத்துக்கு, பச்சை 500க்கு. ஸ்கேனரில் வேகம் தவறாக வைத்திருந்தாலும் வண்டி பேசாது.

இப்போது ஓம் அளவு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மாட்யூல்கள் அடங்க 5 நிமிடம் விடுங்கள். லைனில் வோல்ட் இருக்கும்போது எடுத்த ஓம் அளவு பொய். கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் நடுவில் வைத்தால்:

60 ஓம்: இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (லைனின் முனையில் வைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறது, மெயின் லைன் அறுபடவில்லை.

120 ஓம்: ஒரு முனை காணோம்.

40 ஓம்: கூடுதலாக மூன்றாவது டெர்மினேட்டர் சேர்ந்திருக்கிறது. தவறான பார்ட் எண் கொண்ட மாட்யூலை மாற்றிய வண்டிகளில் வரும்.

5 ஓமுக்குக் கீழே: இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஷார்ட்.

பல கிலோ ஓம் அல்லது திறப்பு: ஓபிடி கப்ளருக்கு வரும் கிளையே அறுந்திருக்கிறது.

120 வந்தால் எந்தப் பக்கம் போயிற்று என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு டெர்மினேட்டர் இன்ஜின் இசியுவுக்குள் இருக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். மீட்டரை அப்படியே வைத்து இசியு கப்ளரைக் கழற்றுங்கள். அளவு திறப்பாகிவிட்டால், இதுவரை பார்த்தது இசியுவின் 120ஐ, காணாமல் போனது மறுமுனை. 120 அசையாமல் அப்படியே நின்றால், இசியு பக்கத்து வயரோ பின்னோ அறுந்திருக்கிறது. மறுமுனை பெரும்பாலும் மீட்டர் கன்சோல், ஏபிஎஸ், பாடி கன்ட்ரோல் மாட்யூல் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். லாரிகளில் மெயின் லைனின் முனையில் தனி பிளக்காகவே டெர்மினேட்டர் தொங்கும். பாடி கட்டும்போது அதைத் தேவையில்லாத கப்ளர் என்று நினைத்து வெட்டிவிடுவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கேட்வே மாட்யூல் (பல கேன் லைன்களை இணைக்கும் பெட்டி) வைத்த வண்டிகளில் ஓபிடி கப்ளரில் தெரிவது கேட்வே வரை உள்ள கிளை மட்டும். அங்கே 60 வந்தாலும் உள்ளே இன்ஜின் கேன் செத்திருக்கலாம். அப்படியானால் இன்ஜின் இசியு கப்ளரிலேயே அளக்க வேண்டும்.

ஓம் சரி என்றால் பேட்டரியை மாட்டி, சாவி போட்டு, ஒவ்வொரு வயரையும் எர்த்துக்கு எதிராக வோல்ட் பாருங்கள். லைன் சும்மா இருக்கும்போது இரண்டும் 2.5 வோல்டில் நிற்கும். தகவல் ஓடும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் ஹை 2.6 முதல் 2.8 வரை, லோ 2.2 முதல் 2.4 வரை தெரியும். இரண்டையும் கூட்டினால் 5 வோல்டை ஒட்டி வர வேண்டும். 24 வோல்ட் லாரியிலும் இதே அளவுதான். பேட்டரி இரட்டிப்பானதால் கேன் வோல்ட் இரட்டிப்பாகாது.

இரண்டும் 0க்கு அருகில் கிடந்தால் எர்த் ஷார்ட். இரண்டும் பேட்டரி வோல்டுக்கு ஏறியிருந்தால் சப்ளை ஷார்ட். டெர்மினேட்டர் இரண்டு வயரையும் இணைப்பதால் ஒன்று மாட்டினால் இன்னொன்றும் இழுபடும். எது என்று பிரிக்க, பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்துக்கு ஓம் பாருங்கள். ஷார்ட் ஆன வயர் 1 ஓமை ஒட்டிக் காட்டும், மற்றது அதைவிட 60 ஓம் அதிகமாகக் காட்டும். ஹை எர்த்தானால் லைன் மொத்தமும் நின்றுவிடும். லோ எர்த்தானால் பல வண்டிகளில் தட்டுத்தடுமாறி ஓடும். இந்த இரண்டாவது வகைதான் "சில நேரம் ஸ்கேன் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை" என்று வரும்.

ஷார்ட் எங்கே? மீட்டரை ஓபிடி கப்ளரில் விட்டுவிட்டு மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் கழற்ற வேண்டியவை வெளியிலிருந்து சேர்த்தவை: ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், பின்னால் மாட்டிய ஸ்டீரியோ. அடுத்து தண்ணீர் படும் இடத்தில் உள்ளவை: ஏபிஎஸ், பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் பக்கம் இருக்கும் நாக்ஸ் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும்) சென்சார், யூரியா பம்ப் மாட்யூல். நாக்ஸ் சென்சார் கேன் லைனிலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. வெப்பத்தில் அதன் வயர் உருகி ஒட்டினால் அந்த லைனே படுத்துவிடும். எதைக் கழற்றியதும் அளவு திரும்புகிறதோ, கோளாறு அந்த மாட்யூலில் அல்லது அதன் கிளை வயரில். எல்லாம் கழற்றியும் திரும்பாவிட்டால் மெயின் ஹார்னஸ்.

மற்ற எல்லாம் பேசி, ஒரே ஒரு மாட்யூல் மட்டும் பேசாவிட்டால் அதன் சப்ளை, எர்த், கிளை வயர் இந்த மூன்றையும் மட்டும் பாருங்கள்.

சாவி போட்டால் செக் லைட் வரவில்லை, செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

இசியுவுக்கு உயிர் இல்லை என்று பொருள். நேரடி பேட்டரி லைன், சாவி லைன், மெயின் ரிலே வழியாக வரும் லைன், இரண்டு மூன்று எர்த் பின் என்று இசியுவுக்கு உணவு பல வழிகளில் போகிறது. பெரும்பாலான வண்டிகளில் மெயின் ரிலேயை இழுப்பது இசியுவே. சாவி லைன் வந்ததும் அது ரிலே காயிலுக்கு எர்த் கொடுக்கும், ரிலே இழுத்ததும் முழுச் சப்ளை வரும். ஆகவே சாவி போட்டதும் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். இழுக்கவில்லை என்றால் காயிலில் பேட்டரி வருகிறதா, சாவி லைன் இசியு வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்தும் 87ஆம் காலில் வோல்ட் இல்லை என்றால் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கும்.

இந்த இடத்தில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நூல் அளவு ஒட்டிக்கொண்டிருக்கும் வயர் கூட மீட்டரில் 12.5 வோல்ட் காட்டும். இசியு கப்ளரைக் கழற்றி, அதன் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் 21 வாட் பல்பைப் போடுங்கள். இசியு கழன்றிருப்பதால், ரிலே லைனைப் பார்க்க ரிலேயின் 30, 87 கால்களை வயரால் இணைத்துக்கொள்ள வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும், அதன் இரு முனையில் உள்ள வோல்ட் பேட்டரி வோல்டிலிருந்து 0.5க்கு மேல் குறையக் கூடாது. ஒவ்வொரு எர்த் பின்னையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்று போனாலும் மற்றவை வழியாக இசியு பாதி வேலை செய்யும், விசித்திரமான கோடுகள் வரும்.

இன்ஜின் எர்த்தும் இதில் சேரும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் வந்தால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி, பெயின்டும் துருவும் சுரண்டி இறுக்க வேண்டும்.

செக் லைட் வருகிறது, செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

இசியு உயிரோடு இருக்கிறது. ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, செல்ஃப் அடித்தபடி ஆர்பிஎம்மைப் பாருங்கள். 0 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். 150 முதல் 250 வரை காட்டினால் கிராங்க் சிக்னல் வருகிறது.

0 என்றால் சென்சார் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு வயர் இன்டக்டிவ் வகையில் ஓம் பார்க்கலாம். பல போஷ் சென்சார்களில் 860 ஓமை ஒட்டி வரும், பொதுவாக 500 முதல் 1500க்குள். செல்ஃப் அடிக்கும்போது ஏசி வோல்டும் கிடைக்க வேண்டும். மூன்று வயர் ஹால் வகையில் ஓம் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை. சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்டில் பாருங்கள். சிக்னல் இன்ஜினைக் கையால் சுற்றும்போது மேலும் கீழும் மாற வேண்டும். இன்டக்டிவ் சென்சாரின் வயரை மாற்றிப் போட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கிளட்ச் வேலைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் ஃப்ளைவீலில் பல் வளையம் சேதமா என்று பாருங்கள். பரவலான வளையத்தில் 60 பல்லுக்கான இடத்தில் 58 பல்லும் ஒரு இடைவெளியும் இருக்கும். அந்த இடைவெளியை வைத்துத்தான் இசியு பிஸ்டனின் நிலையைக் கணக்கிடுகிறது.

ஆர்பிஎம் வருகிறது, பி0016 கோடும் வருகிறது என்றால் கிராங்க், கேம் இரண்டின் சிக்னலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சென்சார் வாங்கும் முன் டைமிங் செயின் அல்லது பெல்ட்டைப் பாருங்கள். பல் தாவிய இன்ஜினில் தொடர்ந்து செல்ஃப் அடிப்பது வால்வுக்கு ஆபத்து.

அடுத்தது ரெயில் பிரஷர். பல காமன் ரெயில் இன்ஜின்கள் 200 பாரை ஒட்டிய பிரஷர் வரும்வரை இன்ஜெக்டரைத் திறக்காது. செல்ஃப் அடிக்கும்போது அதற்குக் கீழேயே நின்றால் இரண்டு கேள்வி: உண்மையிலேயே பிரஷர் இல்லையா, சென்சார் தவறாகச் சொல்கிறதா? வண்டி வெகுநேரம் நின்ற பிறகு சாவி மட்டும் போட்டுப் பாருங்கள். பிரஷர் 0 பாரை ஒட்டியும், சென்சார் சிக்னல் 0.5 வோல்டை ஒட்டியும் இருந்தால் சென்சார் நம்பத்தக்கது. அப்போது டீசல் பக்கம்: ஃபில்டர், காற்று, மீட்டரிங் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன். நின்ற வண்டியிலேயே நூற்றுக்கணக்கில் பார் காட்டினால் சென்சார் அல்லது அதன் எர்த்.

ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு வினாடியில் அணைந்து, சாவி விளக்கு மின்னினால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு). வேறு சாவியை வைத்துப் பாருங்கள். சாவித் துளையைச் சுற்றியிருக்கும் ரிங் ஆன்டெனாவின் கப்ளரையும் பாருங்கள்.

ஓடும்போது அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்து தானே ஸ்டார்ட் ஆகிறது

பட்டறைக்கு வந்ததும் வண்டி நன்றாக ஓடும், கோடும் இருக்காது. ஸ்கேனரை மாட்டி, ஆர்பிஎம், ரெயில் பிரஷர், இசியு பேட்டரி வோல்ட் மூன்றையும் பதிவு செய்தபடி வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க வேண்டும். அணையும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதே விடை.

ஸ்கேனரின் தொடர்பே அறுந்தால் இசியு சப்ளை இழந்திருக்கிறது: மெயின் ரிலே, சாவி சுவிட்ச், எர்த், பேட்டரி டெர்மினல். தொடர்பு இருக்கிறது, வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் மட்டும் சட்டென்று 0 ஆகிறது என்றால் கிராங்க் சென்சார். ஆர்பிஎம் மெல்ல இறங்க, அதற்கு முன்பே ரெயில் பிரஷர் விழுந்திருந்தால் டீசல் பக்கம். பி0087 கோடும் கூட வரலாம்.

கிராங்க் சென்சார் சூட்டில் உள்ளே அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அணைந்து நிற்கும் அந்தச் சூட்டிலேயே ஓம் அளக்க வேண்டும். ஆறிய பிறகு 860 ஓம் காட்டியது என்று விட்டுவிட்டால், வண்டி அடுத்த மேட்டில் நிற்கும்.

ரேஸ் ஏறவில்லை, பிக்கப் இல்லை, செக் லைட் எரிகிறது

ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு தனித்தனி சென்சார் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி 5 வோல்ட், தனி எர்த், தனி சிக்னல். பரவலான வகையில் ஒன்றின் வோல்ட் மற்றதைப் போல இரண்டு மடங்கு. லைவ் டேட்டாவில் இரண்டையும் திறந்து, பெடலை மிக மெதுவாக அமுக்குங்கள். இரண்டும் தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும், விகிதம் மாறக் கூடாது. நடுவில் ஒன்று துள்ளினால் பி2138 வரும். இசியு பெடலை நம்பாமல், ஐடிலுக்குச் சற்று மேலே ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்திவிடும். இது ஓட்டுநரைக் காக்கும் ஏற்பாடு, இதைத் தாண்டி ஓட்ட வழி தேடாதீர்கள்.

வணிக வண்டிகளில் இந்தக் கோளாறு வந்தால் ஸ்பீடு கவர்னரைத் தேடுங்கள். எலக்ட்ரானிக் கவர்னர்கள் பெடல் வயரை வெட்டி நடுவில் இணைக்கப்படுகின்றன. அந்த ஜாயின்டில் ஈரம் ஏறினாலோ கவர்னரின் எர்த் தளர்ந்தாலோ, இசியு பெடலைத்தான் குறை சொல்லும். டயக்ராமில் கவர்னர் இருக்காது, அதனால்தான் புதுப் பெடல் மாட்டியும் தீராது. பிரேக் சுவிட்சையும் மறக்க வேண்டாம். அதன் இரண்டு கான்டாக்டும் முரண்பட்டால் பி0504 வந்து ரேஸ் குறையும்.

ஒரே நேரத்தில் பெடல், ரெயில் பிரஷர், பூஸ்ட் சென்சார் என்று நான்கைந்து கோடு சேர்ந்து வந்தால் நான்கைந்து சென்சாரும் ஒன்றாகச் சாகவில்லை. பொதுவான 5 வோல்ட் லைன் விழுந்திருக்கிறது. பி0641, பி0651 கோடுகள் இதையே நேரடியாகச் சொல்கின்றன. இசியு இரண்டு மூன்று தனித்தனிக் குழுவாக 5 வோல்ட் கொடுக்கும். எந்தச் சென்சார் எந்தக் குழு என்று டயக்ராமில் குறித்துக்கொண்டு, ஒரு சென்சாரின் கப்ளரில் பின்பக்கமாக மீட்டரை வைத்து, குழுவில் உள்ள மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் துள்ளி ஏறுகிறதோ, குற்றவாளி அது. எல்லாம் கழற்றியும் ஏறாவிட்டால் இசியுவையும் கழற்றி, அந்த வயருக்கும் எர்த்துக்கும் ஓம் பாருங்கள். இன்ஜின் பிராக்கெட்டில் உரசி இன்சுலேஷன் தேய்ந்த இடம் கிடைக்கும். 5 வோல்டுக்கு மேல் போய்விட்டால் பக்கத்து சப்ளை வயரோடு உரசல்.

ஒரே ஒரு சென்சார் கோடு என்றால், சென்சாரை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கூலன்ட் வெப்பச் சென்சார் போன்ற இரண்டு வயர் சென்சாரில் கப்ளரைக் கழற்றினால் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு பின்னையும் சிறு வயரால் இணைத்தால் அளவு உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியுவும் சரி, சென்சார்தான் பழுது. சில இசியுக்கள் கோளாறு தெரிந்ததும் தாமாக ஒரு மாற்று அளவைக் காட்டும். அப்போது வெப்ப அளவை விட்டுவிட்டு, சிக்னல் வோல்டையோ கோடு "ஹை"யிலிருந்து "லோ"வுக்கு மாறுகிறதா என்பதையோ பாருங்கள்.

லாரியின் ஜே1939 கோடுகளில் எஸ்பிஎன் எண் எந்தச் சர்க்யூட் என்றும், எஃப்எம்ஐ எண் கோளாறின் வகை என்றும் சொல்கிறது. எஃப்எம்ஐ 3 என்றால் வோல்ட் அதிகம், 4 என்றால் வோல்ட் குறைவு, 5 என்றால் கரன்ட் குறைவு, பெரும்பாலும் அறுபட்ட வயர், 6 என்றால் கரன்ட் அதிகம் அல்லது எர்த் ஷார்ட். எஸ்பிஎன் 91 ஆக்சிலரேட்டர் பெடல், 157 ரெயில் பிரஷர், 190 இன்ஜின் ஆர்பிஎம், 639 கேன் லைன். எஸ்பிஎன்னை மட்டும் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் எஃப்எம்ஐ சொன்ன பாதி விடையைத் தவறவிடுகிறார்கள்.

டேஷ்போர்டு மீட்டர் முள் விழுந்து எழுகிறது, பல யு கோடுகள், வந்து வந்து போகிறது

யு கோடு என்றால் ஒரு மாட்யூல் இன்னொன்றின் குரலைக் கேட்கவில்லை. யு0100 இன்ஜின் இசியுவைக் காணோம், யு0101 கியர்பாக்ஸ், யு0121 ஏபிஎஸ், யு0140 பாடி மாட்யூல், யு0155 மீட்டர் கன்சோல். கோடு எந்த மாட்யூலில் பதிவானதோ அதைச் சந்தேகிக்காமல், அது யாரைக் காணோம் என்கிறதோ அவரைத் தேடுங்கள். ஒரு தாளில் எழுதினால் உடனே தெரியும். எல்லோரும் இன்ஜின் இசியுவைக் காணோம் என்றால் இசியுவின் சப்ளை அல்லது அதன் கேன் கிளை. எல்லோரும் எல்லோரையும் காணோம் என்றால் மெயின் லைன். பேட்டரி செத்துப் போய் ஜம்ப் கொடுத்த வண்டியில் பழைய யு கோடுகள் குவிந்திருக்கும். அழித்துவிட்டு, திரும்ப வருவதை மட்டும் துரத்துங்கள்.

முள் விழுந்து தானே எழுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கேன் மாட்யூலும் தன் பிழையை எண்ணிக்கொண்டிருக்கிறது. அனுப்புவதில் ஒரு பிழை நேர்ந்தால் கணக்கில் 8 கூடும், ஒரு முறை சரியாக அனுப்பினால் 1 குறையும். 255ஐத் தாண்டினால் மாட்யூல் தானே லைனிலிருந்து விலகிக்கொள்ளும், பிறகு மீண்டு வரும். ஆகவே இது லூஸ் காண்டாக்ட் தேடும் வேலை. சாவி போட்டு, ஸ்கேனரிலோ ஸ்கோப்பிலோ கண் வைத்து, ஹார்னஸை ஒரு சாண் இடைவெளியில் அசைத்துக்கொண்டே போங்கள். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குத் தாவும் இடம், கேபின் சாயும் லாரியில் கேபின் கீல் அருகே, கதவுத் தூண், ஃபுட்போர்டு கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள கப்ளர் ஆகியவை முதலில். பிறகு கப்ளர் பின்களின் பிடிப்பு: அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும்.

ஏஐஎஸ் 140 (வண்டி டிராக்கருக்கான அரசுத் தரம்) டிராக்கரையோ வேறு ஜிபிஎஸ்ஸையோ பூட்டுகிறவர்கள் கேன் வயரில் கத்திக் கிளிப் போட்டு ஒட்டு எடுத்திருந்தால் அதை நீக்குங்கள். அந்தக் கிளிப் வயரின் சில இழைகளை வெட்டிவிடும், மழைக்காலத்தில் பச்சை பூக்கும். ஜே1939 லைனில் கிளை 1 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, மெயின் லைன் 40 மீட்டருக்குள். பஸ் பாடி கட்டும்போது கிளையை ஐந்தாறு மீட்டர் நீட்டி ஓபிடி கப்ளரை வேறு இடத்துக்கு மாற்றினால் சிக்னல் எதிரொலித்துப் பிழை பெருகும்.

கேன் வயரை ஒட்டும்போது ஹை, லோ இரண்டையும் ஒரே நீளத்தில், முறுக்கோடு வையுங்கள். ஜாயின்ட் பகுதியில் முறுக்கு அவிழ்ந்த நீளம் 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரு ஜாயின்டும் நேருக்கு நேர் வராமல் தள்ளி வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். முறுக்குதான் ஸ்டார்ட்டர், இன்ஜெக்டர் வயர்களின் இரைச்சலை இரண்டு வயரிலும் சமமாக ஏற்றி நீக்குகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய நேர்வயர் இரண்டு மாதம் ஓடும், பிறகு திரும்ப வரும். ஷீல்டு வயர் உள்ள லைனில் ஷீல்டை ஒரே ஒரு இடத்தில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

வெல்டிங், வாட்டர் வாஷ், எலி

நேற்று வரை ஓடிய வண்டி என்றால் இடையில் என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள். நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி வேலை முடித்து வந்த வண்டி என்றால் வெல்டிங்கின்போது இசியு கழற்றப்பட்டதா என்பது முதல் கேள்வி. இரண்டு பேட்டரி டெர்மினலும், இசியு கப்ளர்களும் கழன்றிருக்க வேண்டும், வெல்டிங் எர்த் கிளாம்ப் பற்ற வைக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். புது ஸ்க்ரூ அல்லது ரிவெட் ஹார்னஸைத் துளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர் வாஷுக்குப் பிறகு என்றால் கப்ளர்களைக் கழற்றி, உள்ளே உள்ள ரப்பர் சீல் இருக்கிறதா என்று பார்த்து, காற்று அடித்துக் காய வையுங்கள். எலி கடித்த ஹார்னஸில் ஒரு கடியைக் கண்டதும் நிறுத்த வேண்டாம், டேப்பை இரு பக்கமும் பிரித்து முழுவதும் பாருங்கள்.

இசியு பழுது என்று எப்போது சொல்லலாம்

எல்லாச் சப்ளையும் எர்த்தும் பல்பு லோடில் தேறியிருக்க வேண்டும். அதன் பிறகு இவற்றில் ஒன்று இருந்தால் சொல்லலாம்: எல்லாச் சென்சாரும் கழன்றிருக்க, வயரில் ஷார்ட் இல்லாதபோதும் 5 வோல்ட் வரவில்லை; பி0601 அல்லது பி0606 (இசியுவின் உள் கோளாறுக் கோடுகள்) அழித்ததும் உடனே திரும்புகிறது; கேன் 60 ஓம் சரியாக இருந்து, மற்ற மாட்யூல்கள் பேச, இசியு மட்டும் மௌனம்; ஒரு இன்ஜெக்டருக்கோ வால்வுக்கோ வயரும் காயிலும் சரியாக இருந்தும் இசியு துடிப்பு அனுப்பவில்லை.

வேறு வண்டியின் இசியுவைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. முதல் இசியுவைக் கொன்ற ஷார்ட் ஹார்னஸில் அப்படியே இருந்தால் இரண்டாவதும் போகும். இம்மொபிலைசர் பொருந்தாததால் நல்ல இசியுவே ஸ்டார்ட் ஆகாமல் உங்களைத் திசை திருப்பவும் செய்யும். புதியது மாட்டினால் இம்மொபிலைசர் இணைப்பு, வண்டி வகைக்கான கோடிங், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அச்சிட்ட ட்ரிம் கோடு (அந்த இன்ஜெக்டருக்கான திருத்த எண்), பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) சாம்பல் அளவு ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பழைய இசியு பேசும் நிலையில் இருந்தால் கழற்றும் முன்பே இவற்றைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். சாம்பல் அளவை 0 என்று விட்டுவிட்டால் இசியு டிபிஎஃப் காலியாக இருப்பதாக நம்பி, சுத்தம் செய்யும் நேரத்தைத் தவறாகக் கணக்கிடும்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, கோளாறு முன்பு வந்த அதே நிலையில், அதே சூடு, அதே லோடு, அதே ஆர்பிஎம்மில் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். திரும்பியதும் உறுதியான கோடுகளோடு பென்டிங் கோடுகளையும் படியுங்கள். சில கோளாறுகளுக்கு செக் லைட் எரிய இரண்டாவது முறை ஓட்டம் வேண்டும், முதல் ஓட்டத்தில் அவை பென்டிங்கில் மட்டும்தான் தெரியும்.